‘முன்’ எந்தப் பக்கம்?

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுப்படியிலிருந்து கைபேசியும் கையுமாக வந்து நின்றார் என் மதினி. “தம்பி, உங்க கதையில ஏதோ கோளாறு. ‘முன்’னை அமுக்குனா பழசுக்குல்ல போகுது” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதி வைத்தபடிதான் வேலை செய்தது. ‘முன்’ என்றால் இதற்கு முன் வந்த பக்கம், ‘பின்’ என்றால் பின்னர் வந்த பக்கம். “முன்னால வந்த பக்கம்னு அர்த்தம், மதினி” என்றேன். “கதை முன்னாடி போகணும்னுதானே நான் அமுக்குனேன்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் கேட்டது நியாயம். நம் மொழியில் ‘முன்’ கடந்துபோன காலத்தையும் குறிக்கும், கண்ணெதிரே கிடக்கும் வழியையும் குறிக்கும். ‘மூன்று நாளுக்கு முன்’ என்றால் முடிந்த கதை. ‘முன்னே போ’ என்றால் இனி நடக்க வேண்டிய தூரம். ‘பின்’னுக்கும் இதே இரட்டைக் குணம் உண்டு. ‘பின்னர் பார்ப்போம்’ நாளையைச் சொல்கிறது, ‘பின்னால் திரும்பு’ விட்டுவந்த இடத்தைச் சொல்கிறது. அந்த இரண்டு சொற்களையும் இரண்டு பொத்தான்களில் ஆறு மாதம் வைத்திருந்தேன். எத்தனை பேர் அங்கே வழி தவறித் திரும்பிப் போனார்களோ என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அன்றிரவே ‘முந்தைய பக்கம்’, ‘அடுத்த பக்கம்’ என்று மாற்றினேன். ‘கடைசி’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கதை முடிந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். அது இப்போது ‘புதிய பக்கம்’.

நான் சிவகாசியில் அச்சகங்களுக்கு டிடிபி வேலை பார்ப்பவன். 19 வருடமாகக் கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எழுத்தையும் படத்தையும் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கடந்த மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ஒரு பக்கம் என்ற கணக்கில் ஒரு படக்கதை வரைந்து என் சொந்த இணையதளத்தில் போடுகிறேன். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய ஓர் ஆச்சியும் கல்லூரிக்குப் போகும் அவர் பேத்தியும் பேசிக்கொள்வதுதான் கதை. இதுவரை 148 பக்கம் வந்திருக்கிறது.

தமிழில் படக்கதை வரையும் இளைஞர்கள் இன்று நிறைய. அவர்களில் பலர் படத்துக்கும் வசனத்துக்கும் உயிரைக் கொடுக்கிறார்கள். அது போய் உட்காரும் தளத்தை மட்டும் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ கையில் விட்டுவிடுகிறார்கள். அல்லது சமூக வலைதளத்தில் ஏற்றிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இது தவறு என்று நினைக்கிறேன். படத்தைச் சுற்றியிருக்கும் சட்டம், அதன் கீழே உள்ள பொத்தான், எழுத்தின் அளவு, பின்னணி நிறம் எல்லாம் கதை சொல்லும் வேலையில் சேர்த்திதான். வரைந்தவரே அவற்றிலும் கை வைக்க வேண்டும்.

அச்சகத்தில் இருப்பவனுக்கு இது புதிதாகத் தெரியாது. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸையும் கையில் எடுத்த எந்தச் சிறுவனுக்கும் பக்கத்தை எப்படிப் புரட்டுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மார்ஜின் எவ்வளவு, பின் எங்கே அடிப்பது, மடிப்பில் யார் முகமும் மாட்டாமல் கட்டத்தை எங்கே நகர்த்துவது என்பதையெல்லாம் அவன் கைக்கு வரும் முன்பே அச்சகத்தில் யாரோ யோசித்து முடித்திருந்தார்கள். இணையத்தில் அந்த பைண்டிங் வேலை நடந்து முடிந்திருக்கவில்லை. ஒவ்வொரு படக்கதைக்காரரும் தன் புத்தகத்தைத் தானே தைத்தாக வேண்டும்.

“இன்றைக்கு யார் வெப்சைட்டைத் தேடி வருகிறார்கள்? எல்லாரும் இருக்கும் இடத்தில் போடு” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போடுகிறேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என் கதைக்கு வரிசை கிடையாது. 40-வது பக்கம் ஒருவர் கண்ணில் முதலில் படும். 39-வது பக்கம் நான்கு நாள் கழித்து வரும், வராமலும் போகும். ஆச்சி கண்ணாடியைத் தொலைத்தது 12-வது பக்கத்தில். அது தெரியாதவருக்கு 40-வது பக்கத்தில் அவர் தடவித் தடவிக் குத்துவிளக்கைத் துடைப்பது வெறும் படம். அதோடு, அவர்கள் கொடுக்கும் சதுரத்துக்கு ஏற்பக் கட்டங்களை வெட்ட வேண்டும். பாதி முகத்தை வெட்டி ஏற்றிய நாட்கள் எனக்கு உண்டு.

வாடகை வீடு எந்த நாளும் பூட்டப்படலாம் என்பதும் இருக்கிறது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு டிக்டாக் உட்பட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, அங்கே வருடக்கணக்கில் சேர்த்த ரசிகர்களை ஒரே இரவில் இழந்தவர்கள் நம் பக்கத்து ஊர்களிலேயே இருந்தார்கள். தடையின் நியாயம் வேறு பேச்சு. இழந்தது இழந்ததுதான். அதே வருடம் டிசம்பர் 31-ஆம் தேதி, உலகெங்கும் உள்ள படக்கதைக்காரர்கள் 15 வருடமாக இலவசமாகப் பக்கங்களை ஏற்றிவந்த ஸ்மாக் ஜீவ்ஸ் என்ற தளம் மூடப்பட்டது. அதற்கும் முன்னால், 1994-ல் பிறந்து லட்சக்கணக்கான சொந்தப் பக்கங்களைத் தாங்கி நின்ற ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ இழுத்து மூடியது. என் தளம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளும் படங்களும்தான். மொத்தமும் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. நெட் இல்லாமலும் திறக்கும். பெயருக்கான ஒரு வருட வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

பாதுகாப்பு மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். சொந்தத் தளத்தில்தான் சொல்ல முடிகிற கதைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ராண்டல் மன்ரோ 2005-லிருந்து ‘எக்ஸ்கேசிடி’ என்ற குச்சி மனிதப் படக்கதையைத் தன் தளத்தில் வரைகிறார். 2013 மார்ச்சில் அங்கே ஒரு படம் வந்தது. கடற்கரையில் இரண்டு பேர், அவ்வளவுதான். அரை மணி கழித்துப் பார்த்தால் படம் மாறியிருந்தது. பிறகு மணிக்கு ஒரு முறை என்று நான்கு மாதம் மாறிக்கொண்டே போனது. அவர்கள் மணலில் கோட்டை கட்டினார்கள், கடல் ஏன் ஏறுகிறது என்று தேடிப் புறப்பட்டார்கள். மொத்தம் 3,099 சட்டங்கள். ‘டைம்’ என்ற அந்தப் படக்கதைக்கு 2014-ல் ஹியூகோ விருது கிடைத்தது. அடுத்தவர் தளத்தில் இதைச் செய்ய அனுமதி கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? ஸ்காட் மெக்கிளவுட் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த தன் ‘ரீஇன்வென்டிங் காமிக்ஸ்’ நூலில், திரையைத் தாளாக எண்ணாமல் ஜன்னலாக எண்ணுங்கள், ஜன்னலுக்கு அப்பால் கித்தானுக்கு எல்லையே இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். மன்ரோ அந்த ஜன்னலைத் தன் வீட்டுச் சுவரில் வைத்திருந்ததால் விருப்பப்படி திறக்க முடிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்ட்ரூ ஹஸ்ஸி 2009-லிருந்து 2016 வரை இணையத்தில் சொன்ன ‘ஹோம்ஸ்டக்’ அசைபடம், இசை, விளையாட்டு எல்லாம் கலந்த பெரிய படைப்பு. அசையும் பகுதிகள் பல பிளாஷ் மென்பொருளில் செய்யப்பட்டவை. 2020 முடிவோடு பிளாஷை அடோபி கைவிட்டது. ரசிகர்களே ஒரு தனித் தொகுப்பைச் செய்து அந்தப் பகுதிகளைப் பழையபடி பார்க்க வழி செய்தார்கள். ஆகவே என் தளத்தில் அலங்காரம் எதைச் சேர்த்தாலும், இது போனாலும் கதை படிக்கக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் சேர்க்கிறேன்.

ஆரம்பத்தில் இந்த நிதானம் எனக்கு இல்லை. ஓர் இலவச சேவை கொடுத்த ரெடிமேட் வடிவத்தை எடுத்தேன். அதன் அடியில் அவர்கள் விளம்பரம் வரும். படம் இறங்கி முடிக்கும் முன் பொத்தான் மேலே நிற்கும். படம் வந்ததும் பக்கம் கீழே குதிக்கும். அடுத்த பக்கத்துக்கு வைத்த கட்டைவிரல் விளம்பரத்தில் விழும். இது படத்தின் அகல உயரத்தைக் கோப்பில் முன்கூட்டியே எழுதாததால் வருவது. இரண்டு எண்களை எழுதிவிட்டால் படம் வரும் வரை அந்த இடம் காலியாகக் காத்திருக்கும், எதுவும் குதிக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது.

அச்சிலிருந்து வருபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்றையும் செய்தேன். பிளேட்டுக்கு அனுப்பும் அதே 300 டிபிஐ கோப்பை, நான்கு கலர் மையின் கணக்கிலேயே வைத்து ஏற்றினேன். ஒரு பக்கம் 9 எம்பி. ஆச்சியின் அரக்குச் சேலை சில கைபேசிகளில் கண்ணைக் குத்தும் ரோஸாகத் தெரிந்தது. திரைக்கு ஒளியின் கணக்கான ஆர்ஜிபி வேண்டும், டிபிஐ என்ற பேச்சே அங்கே கிடையாது, பிக்ஸல் அகலம்தான் கணக்கு. இப்போது 1,200 பிக்ஸல் அகலத்தில், நிறங்களைக் குறைத்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கிறேன். ஜேபெக் போட்டோவுக்கு நல்லது. கறுப்புக் கோட்டைச் சுற்றி அழுக்குப் படியவிடும். என் பக்கம் இப்போது 200 கேபியைத் தாண்டுவதில்லை. மலையடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலில் படிப்பவருக்கும் கதை போய்ச் சேர்கிறது.

எழுத்து விஷயத்தில்தான் மனம் மிகவும் நொந்தது. அச்சகத்தில் நாங்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள். அந்த வசனத்தை அப்படியே எடுத்து இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்தது தொடங்கியது. கிடைக்கிற வடிவங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். வரிக்கு வரி இடைவெளி குறைவு. மேல் வரியில் ‘கூ’வின் வால், கீழ் வரியில் ‘கீ’யின் கொண்டை, இரண்டும் இடித்துக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுத் தலைப்பை அகட்டுவது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எடுப்பாக இருக்கும். தமிழ்ச் சொல் அதில் சிதறிப்போகும். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது உலாவியே மைபூசித் தடிமனாக்கும். ‘ண’வின் சுழியெல்லாம் அடைத்துவிடும். எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் என்று வைத்த பிறகுதான் என் பக்கம் மூச்சுவிட்டது. எழுத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ். தலைப்பு மட்டும் என் கையெழுத்து.

வசன பலூனுக்கும் இதே கதைதான். ஆங்கிலப் படக்கதையின் நெட்டைப் பலூனைப் பார்த்து வரைந்தால் ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ அதற்குள் நுழையாது. என் பலூன்கள் இப்போது அகலமானவை, ஏறக்குறைய தட்டையானவை. நீளச் சொல்லை உடைக்க நேர்ந்தால் ‘சொல்லிக்’ என்று நிறுத்தி, ‘கொண்டிருந்தார்கள்’ என்று அடுத்த வரியில் தொடங்குகிறேன். காது எங்கே நிற்கிறதோ அங்கே கண்ணும் நிற்கும்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கறுத்த திரையில் ஆங்காங்கே சேலை, சுவர், சொம்பு மட்டும் மிதந்தன. கோடும் வசனமும் எங்கே என்று கேட்டிருந்தார். இரவில் கண் கூசாமலிருக்கக் கைபேசியைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றியிருக்கிறார். என் படங்களின் வெள்ளைப் பகுதி உண்மையில் வெள்ளை இல்லை, ஊடுருவித் தெரியும் வெறுமை. பின்னணி கறுத்ததும் கறுப்புக் கோடு கரைந்துவிட்டது. எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து மறுபடி ஏற்ற மூன்று இரவு ஆனது. அந்தப் பெண் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

கோவில்பட்டியிலிருந்து வந்த கடிதம் என்னை இன்னும் ஆழமாகத் தைத்தது. அதை எழுதியவரின் அண்ணனுக்குப் பார்வை இல்லை. கைபேசி வாசித்துக் காட்டும் குரலில்தான் எல்லாம் படிக்கிறார். அவர்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். தம்பி சொல்லக் கேட்டு, ஆவலோடு என் தளத்தைத் திறந்திருக்கிறார். குரல் ‘படம்’ என்று சொல்லி நின்றுவிட்டது. அடுத்த பக்கத்திலும் ‘படம்’. அவர் அம்மாவின் வாழ்க்கையைப் பற்றிய கதையின் வாசலில் அவரை நிறுத்தி வைத்திருந்தவன் நான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காட்சியையும் வசனத்தையும் எழுத்தாக எழுதி வைக்கிறேன். வாரத்துக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகப் போகிறது. பழைய பக்கங்களுக்கும் ஒவ்வொன்றாக எழுதி வருகிறேன். 60 பக்கம் பாக்கி. எழுதும்போதுதான் பல படங்களில் என்ன நடக்கிறது என்பதே தெளிவில்லாமல் வரைந்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். என் வரைகலைக்கு இதைவிட நல்ல வாத்தியார் வாய்த்ததில்லை. பலூனுக்குள் இருக்கும் எழுத்து படம்தான், தேடுபொறி அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. எழுத்தாக வைத்த பிறகு ‘கட்டை அடுக்குதல்’ என்று தேடியே சிலர் வந்து சேர்ந்தார்கள். எக்ஸ்கேசிடியில் எலிக்குறியைப் படத்தின் மேல் நிறுத்தினால் ஒரு கூடுதல் வரி தெரியும். அழகான பழக்கம். விரலால் தொட்டுப் படிக்கும் நம் ஊர் வாசகர் கையில் எலி ஏது? எனவே அப்படி எதையும் ஒளித்து வைக்காமல் படத்தின் கீழே வெளிப்படையாகப் போடுகிறேன்.

ஓவியக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் படக்கதை கற்றுக்கொடுப்பவர்கள் இந்த வேலையையும் பாடமாகச் சேர்க்க வேண்டும். நிரலாளராக வேண்டாம், ஒரு பக்கத்தைத் தானே கட்டி ஏற்றத் தெரிந்தால் போதும், இரண்டு வாரத்தில் முடிகிற பாடம். பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னூலகத்தில் சேர்த்து வரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் எழுத்துக்கென்றே அளவெடுத்த ஒரு படக்கதைத் தள வடிவத்தை இலவசமாக வெளியிடலாம். பொத்தானுக்கு எந்தச் சொல், வரிக்கு எவ்வளவு உயரம், குரல் வாசிப்புக்கு என்ன வழி என்பதெல்லாம் அதிலேயே இருந்தால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கு என்னைப் போல ஆறு மாதமும் நான்கு மாதமும் வீணாகாது. எடுத்துக்கொண்டு அவரவர் கதைக்குத் தக மாற்றிக்கொள்ளட்டும்.

அந்த மாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் கிடைத்தது. என் தளத்தில் முதலில் தீப்பொறி பறக்கும், பின்னணியில் பழைய லேபிள்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். தீப்பெட்டி லேபிளின் சிவப்பும் மஞ்சளும் ஓரச் சட்டமும் மட்டும் மிச்சம். பழைய பக்கங்களின் பட்டியலை என்ன செய்வதென்று நீண்ட நாள் தெரியவில்லை. 148 எண்களை அடுக்கினால் பாஸ்புத்தகம் மாதிரி இருந்தது. படித்து முடித்த இணைப்பின் நிறத்தை உலாவி தானே மாற்றும் என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தீக்குச்சி வரைந்தேன். அத்தியாயத்துக்கு ஒரு பெட்டி. படிக்காத குச்சியின் தலை சிவப்பாக இருக்கும், படித்து முடித்ததும் கருத்துவிடும். யார் எவ்வளவு படித்தார்கள் என்று எனக்கு எந்தத் தகவலும் வராது. அது படிப்பவரின் கைபேசிக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

போன வாரம் மதினி கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். திரை அணையாமல் இருந்தது. ஐந்து பெட்டிகள் முழுக்கக் கருத்திருந்தன. ஆறாவதில் ஒன்பது குச்சிகள் சிவப்பாக இருந்தன.